ஏரியைச் சுற்றிப் பாக்கு வைத்த நாள்

அதனால்தான் சொல்கிறேன் அம்மாடி, கடைசி வீட்டுக்காரிக்குக் கல்யாணக் கார்டு வைக்க மறந்துவிட்டேன், இப்போது அவள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள் என்று உட்கார்ந்து அழாதே. நீ ஒருத்தியைத்தான் மறந்தாய். நான் ஒரே நாளில் நாலு வீட்டுக்கு ஆள் மாற்றிக் கார்டு கொடுத்தவள். அதுவும் நடந்துபோய் இல்லை, சைக்கிளில். ஏரியை ஒரு முழுச் சுற்று சுற்றி! சிரிக்காதே. இப்போதுதான் முட்டியைப் பிடித்துக்கொண்டு படி ஏறுகிறேன். அந்தக் காலத்தில் என் கணவரின் சைக்கிளை, அந்த உயரமான ஆம்பளை சைக்கிளை, நடுக் கம்பிக்கு மேலே காலைத் தூக்கிப் போட்டு ஓட்டினவள் நான்.

எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ, வருஷக் கணக்கு எனக்கு வராது. என் மூத்தவளுக்கு ஆறு வயது, முன்பல் இரண்டும் விழுந்திருந்தன, அதை வைத்துத்தான் சொல்கிறேன். கேமரன் மலையில், அணைக்கட்டு ஏரிக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். என் தம்பிக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். அப்பா இல்லை. அம்மாவுக்கு முட்டி வீங்கி, நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீட்டு வாசலைத் தாண்ட முடியாது. அதனால் வீட்டுக்கு மூத்தவளான நான்தான் எல்லோருக்கும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும்.

அதில்தான் சிக்கல். அம்மாவுக்கு ஒரே அண்ணன், எங்கள் தாய்மாமன். அவர் எங்களோடு பேசி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. என் மூத்தவளுக்குக் காது குத்தினபோது அச்சடித்த கார்டில் அவர் பெயர் விட்டுப்போய்விட்டது. அச்சுக்காரர் விட்டாரோ, எழுதிக் கொடுத்தவர் விட்டாரோ, யாருக்குத் தெரியும்? மாமா நன்றாகப் படிக்கத் தெரிந்தவர். பேப்பர் வந்தால் கடையில் நின்று ஊருக்கே சத்தமாகப் படிப்பார். அந்தக் கார்டை மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை படித்தார்.

"உங்க குடும்பத்துல எனக்கு எடமில்லைன்னு அச்சடிச்சே குடுத்துட்டீங்க. ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான்.

மாமன் வந்து நெற்றியில் பட்டம் கட்டாமல் மாப்பிள்ளை எப்படி மணவறையில் உட்காருவான்? அம்மா ஒரே பிடியாக நின்றாள்.

"எங்கண்ணன் வரலேன்னா நானும் மணவறைப் பக்கம் வரமாட்டேன். சமையல்கட்டுல ஒக்காந்து அழுதுக்கிட்டுக் கெடப்பேன். நீங்களே கல்யாணத்த முடிச்சுக்குங்க லா."

சொன்னால் செய்வாள். அதனால் இந்தத் தடவை கார்டில் மாமா பெயரை எல்லோருக்கும் மேலே, கொட்டை எழுத்தில் போடச் சொன்னோம். மேலுறையில் பெயர் எழுத எங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற சின்னக் கிராணி வந்து உட்கார்ந்தார். மாமாவின் கார்டு வந்ததும் அம்மா தடுத்துவிட்டாள்.

"கூடப் பொறந்தவனுக்குப் பேரு எழுதி அனுப்புவாங்களா? அவன் என்ன ஆபீசரா? நான் சொல்றத எழுதுங்க, கிராணி ஐயா."

அவள் சொல்ல அவர் எழுதினார்: 'என் உடன்பிறந்த அண்ணனுக்கு, முதல் அழைப்பு.' முதல் கார்டு சாமிக்கு, அதை ஏற்கெனவே கோயிலில் வைத்தாயிற்று. மனிதர்களில் முதல் கார்டு தாய்மாமனுக்குத்தான் போக வேண்டும். அதற்கு முன்னால் வேறு வீட்டு வாசற்படியை மிதிக்கக்கூடாது. எங்கள் பக்கத்து முறை அது.

ஏரியைச் சுற்றி ஐந்து வீடு. எனக்கு எழுத்து தெரியாது என்பதால் என் கணவர் கார்டுகளைப் போகும் வழிப்படி அடுக்கி ரப்பர் மாட்டிக் கொடுத்தார்.

"மேல இருக்கிறது மாமாவுக்கு. அப்புறம் லோரி டிரைவர், வாத்தியார், மருத்துவச்சி. அடியில இருக்கிறது கோசுத் தோட்டத்துப் பெரியவருக்கு. ஒவ்வொரு வீட்டுக்கும் மேலேருந்து ஒண்ணு எடுத்துக் குடு. படிக்கவே வேணாம், கண்ண மூடிக்கிட்டே குடுக்கலாம்."

அந்தக் கோசுத் தோட்டத்துப் பெரியவர் அப்பாவுக்குப் பழைய கூட்டாளி. எங்களுக்கு நல்லவர், மாமாவுக்குத்தான் ஆகாதவர். அவருடைய ஆடு ஒன்று ஏரியைச் சுற்றி வந்து, மாமா கோயில் திருவிழாவுக்கென்று வளர்த்த செவ்வந்தியை ஒரே காலையில் மொட்டை அடித்துவிட்டது. அன்றிலிருந்து மாமா அவரைப் பெயர் சொல்லமாட்டார், ஆட்டுக்காரன் என்பார். அவரும் மாமாவைப் பூக்காரன் என்பார். ஊர்த் திருவிழாவில் ஆளுக்கொரு மூலையில் நிற்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டோம். தோட்டத்து லோரி அன்றைக்கு ஓடாது. கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை. பாக்கு வைக்க ஒற்றை ஆளாகப் போகக்கூடாது என்று என் நாத்தனாரைப் பின்னால் உட்கார வைத்தேன். கணவரின் தங்கை, நல்ல உடம்புக்காரி, வாய் ஓயாது, எழுத்து மட்டும் என்னைப் போலத்தான், தெரியாது. மடியில் தாம்பாளம், கையில் குங்குமச் சிமிழ். நான் சேலைக்குள்ளே கணவரின் கால்சட்டையை மாட்டியிருந்தேன். அதைப் பார்த்து லயமே வாசலில் கூடிவிட்டது.

ஒன்று சொல்ல மறந்தேன், அந்தச் சைக்கிளுக்குப் பிரேக் சரியில்லை. இறக்கத்தில் நான் "கால ஊனுடி!" என்று கத்துவேன். நாத்தனார் இரண்டு காலையும் தரையில் தேய்ப்பாள். அவள் செருப்புதான் எங்களுக்குப் பிரேக்.

"அண்ணி, எங்கண்ணன் வாங்கிக் குடுத்த செருப்பு!"

"உங்கண்ணன் சைக்கிள்தானேடி, அவரே புதுசு வாங்கித் தருவாரு. தேய்!"

மாமா வீடு இடதுபக்கப் பாதையில், ஏரிக்கரையிலேயே முதல் வீடு. போய்த் திரும்பினால் சாலையே இல்லை! இரவு மழையில் மலை சரிந்து, செம்மண் வீடு உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. மண் அள்ளுகிற மலாய்க்காரர் ஒருவர் என்னைக் 'காக்கா', அதாவது அக்கா, என்று கூப்பிட்டுக் கையை விரித்தார்.

"ஜாலான் தூத்தோப்! ரோடு மூடியாச்சு, இங்க போக முடியாது, காக்கா. சாயங்காலம் பார்க்கலாம்."

என்ன செய்வது? கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு வாரம். சாயங்காலம் வரைக்கும் நின்றால் இருட்டிவிடும், அடுத்த ஞாயிறுக்குத் தள்ளினால் முறை கெட்டுவிடும், அவசரத்தில் அழைத்தார்கள் என்று மாமாவுக்கு இன்னொரு குறை சேரும். வலதுபக்கமாகப் போனால் ஏரியைச் சுற்றிக்கொண்டு அவர் வீட்டுக்குப் பின்னால் போய்ச் சேரலாம். ஆனால் அவர் வீடு கடைசி வீடாகிவிடும்.

"வழியில இருக்கிற வீட்டுக்கெல்லாம் குடுக்காமப் போயிட்டு, மறுபடியும் சுத்தி வந்து குடுப்போமா?" என்றேன்.

"அண்ணி, என் செருப்பு ஒரு சுத்துக்குத்தான் தாங்கும்" என்றாள் நாத்தனார். "போற வழியில குடுத்துக்கிட்டே போவோம். மாமா கேட்டா, மொதல்ல இங்கதான் வந்தோம்னு சொல்லிடலாம்."

பொய்யை முடிவு பண்ணிவிட்டோம். ஆனால் பாதை மாறினால் அடுக்கையும் திருப்ப வேண்டும் என்று எங்கள் இரண்டு மண்டைக்கும் எட்டவில்லை. மேலேருந்து எடுத்துக் கொடு என்றாரா, மேலேருந்து எடுத்துக் கொடுத்தோம்! அம்மா அண்ணனுக்கு எழுதின முதல் அழைப்பு, வலதுபக்கத்து முதல் வீட்டுக்காரர் கைக்குப் போனது. யார்? ஆட்டுக்காரர்.

பாவம் மனிதர், கோசு மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருக்கும் படிக்கத் தெரியாது. மருமகள் வந்ததும் படிக்கச் சொல்கிறேன் என்று சாமி படத்தண்டை வைத்தார். வெறும் வயிற்றோடு அனுப்பமாட்டேன் என்று இடியப்பம் வைத்தார். கிளம்பும்போது பெரிய கோசு ஒன்றைக் கொண்டுவந்து சைக்கிள் கைப்பிடியில் கட்டிவிட்டார்.

அடுத்து மருத்துவச்சி வீடு. லோரி டிரைவரின் கார்டை அவளிடம் கொடுத்தோம். "பசியாறிட்டுப் போங்க" என்றாள். ஆயிற்று என்றால் விடுவாளா? பாக்கு வைக்க வந்தவர்கள் சாப்பிடாமல் போனால் அந்த வீட்டுக்குக் குறை. சாப்பிட்டோம். அடுத்து வாத்தியார் வீடு. அங்கேதான் எங்கள் கெட்ட நேரம். அடுக்கை எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் நடுவில் இருப்பது அவர் கார்டுதானே! வாங்கின உடனே கண்ணாடியைப் போட்டுத் தன் பெயரைச் சத்தமாகப் படித்து, "ரொம்ப சந்தோஷம்மா, எழுத்து முத்து முத்தா இருக்கு" என்றார். எல்லாம் சரியாகப் போகிறது என்று எங்களுக்கு ஒரே பெருமை. அங்கே அவல். லோரி டிரைவர் வீட்டில் வாழைப்பழமும் கேசரியும். மருத்துவச்சிக்கு எழுதின கார்டை அவர் மனைவி பயபக்தியோடு வாங்கி அலமாரியில் வைத்தாள்.

பிற்பகலுக்கு மாமா வீட்டை நெருங்கினோம். என்னால் குனிந்து மிதிக்க முடியவில்லை, அவ்வளவு சாப்பாடு. நாத்தனாரின் வாய் வெற்றிலையில் செக்கச் செவேலென்று இருந்தது. கடைசி இறக்கத்தில் "தேய்!" என்று கத்தினேன். செருப்பு அறுந்து பின்னால் போனது, நாங்கள் நேரே மாமாவின் செவ்வந்திப் பாத்திக்குள் போய் விழுந்தோம். தாம்பாளம் உருண்டு ஓடி அவர் காலடியில் நின்றது.

ஐந்து வருஷம் கழித்து மாமா என்னிடம் பேசின முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"அந்தாளு ஆடே தேவல."

மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து காலில் விழுந்தேன். விழுந்து வந்தவள் மறுபடியும் விழுவது எனக்கே சிரிப்பாக இருந்தது. உள்ளே உட்கார வைத்தார். அத்தை பலகாரத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். நாத்தனார் அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே, தூக்குத் தண்டனைக் கைதிகூடத் தோற்றுப்போவான்.

"மொத மொதல்ல இங்கதானே வந்தீங்க?" என்று கேட்டார் மாமா.

"ஆமா மாமா. வேற எங்க போவோம்?"

நாத்தனாருக்கு அந்த நேரம் பார்த்து ஏப்பம் வந்தது. சின்ன ஏப்பம் இல்லை. மாமா அவள் வாயைப் பார்த்தார். அப்புறம் வாசலில் கிடந்த சைக்கிளைப் பார்த்தார்.

"இந்தத் தாட்டியான கோசு எங்க மொளச்சுது? ரோட்டுலயா?"

நான் அவசரமாகக் கார்டைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டினேன். இதைப் பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும், உடன்பிறந்த அண்ணன் என்று அம்மா எழுதியிருக்கிறாள், மனிதர் உருகிவிடுவார் என்று எனக்கு நம்பிக்கை. மாமா கண்ணாடி போட்டு, மேலுறையைத் தூரமாகப் பிடித்து, பேப்பர் படிக்கிற அதே குரலில் சத்தமாகப் படித்தார். ஆட்டுக்காரரின் முழுப் பெயர், அவர் அப்பா பெயர், 'கோசுத் தோட்டம்' வரைக்கும்.

மாமாவின் காது மடல் சிவந்துவிட்டது.

"போன தடவ என் பேர விட்டீங்க. இந்தத் தடவ அவன் பேரையே எழுதிட்டீங்க. அஞ்சு வருஷமா யோசிச்சு யோசிச்சு இதத்தான் செஞ்சாளா உங்கம்மா?"

"ஐயோ மாமா! அம்மா அப்படி எழுதச் சொல்லல. கார்டு மாறிப்போச்சு!"

"எழுதினதப் பாக்காமயா குடுத்த? கண்ணு இல்ல?"

அம்மாடி, எனக்கு அப்போது எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ! அழுகை ஒரு பக்கம், வயிறு ஒரு பக்கம்.

"கண்ணு இருக்கு மாமா, எழுத்துத்தான் இல்ல. பள்ளிக்கூடத்துல சேத்த மூணாவது மாசம், அத்தைக்கு ஒடம்பு முடியலன்னு என்னத் தூக்கிட்டு வந்தது யாரு? உங்க பெரிய மகனுக்குத் தொட்டில் ஆட்டுனது யாரு? அவன் படிச்சு ஆபீஸ் வேல பாக்குறான். நான் இன்னைக்கு அடுக்குன கார்ட வரிசையா எடுத்துக் குடுத்துட்டு நிக்கிறேன்."

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டேன். அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். மாமா கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் தணிந்த குரலில் கேட்டார்.

"அப்ப எனக்கு எழுதினது யார்கிட்ட இருக்கு?"

மண்சரிவிலிருந்து எல்லாவற்றையும் சொன்னோம். மேலுறையில் அம்மா என்ன எழுதச் சொன்னாள் என்பதையும் சொன்னேன்.

"உடன்பிறந்த அண்ணனுக்குன்னா சொன்னா?" என்றார். அடுத்த நிமிஷம் குதித்து எழுந்தார். "அத அந்த ஆட்டுக்காரன்கிட்டயா குடுத்தீங்க? எந்திரிங்க! போய் வாங்கிட்டு வரலாம்!"

ஆட்டுக்காரர் பெயர் போட்ட கார்டைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார். மண் சரிந்த இடத்தில் அதற்குள் ஆள் போகிற அளவுக்கு வழி வெட்டியிருந்தார்கள். மாமா என் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார். நடுவில் முழங்கால் வரைக்கும் புதைந்துவிட்டார். மலாய்க்காரர் ஒரு கையையும் நாத்தனார் ஒரு கையையும் பிடித்து இழுக்க, வேட்டி பாதி மண்ணோடு போகப் பார்த்தது. கோசு மட்டும் கைப்பிடியில் ஆடாமல் அசையாமல் இருந்தது.

இப்படியாக ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி, காலையில் போன முதல் வீட்டு வாசலில் மறுபடியும் போய் நின்றோம். பெரியவர் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார். சாமி படத்துக்கு முன்னால் பட்டப்பகலில் விளக்கு எரிந்தது. விளக்குக்குப் பக்கத்தில் எங்கள் கார்டு. என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"மருமக படிச்சுச் சொன்னா தாயி. உங்கம்மா என்ன உடன்பிறந்த அண்ணன்னு எழுதியிருக்காளே! எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா, ஜப்பான்காரன் காலத்துல காச்சல்ல போயிட்டா. அதுக்கப்புறம் என்ன யாருமே அப்படிச் சொன்னதில்ல. உங்கப்பாவுக்குக் கூட்டாளியா இருந்தத உங்கம்மா மறக்கல பாரு."

அப்போதுதான் என் பின்னால் சேறும் சகதியுமாக நின்ற மாமாவைக் கவனித்தார்.

"பூக்காரரு எதுக்கு வந்திருக்காரு?"

நான் சாமியைக் கும்பிட்டுக்கொண்டேன். இப்போது மாமா வாயைத் திறந்தால் இந்த மனிதரின் விளக்கு அணைந்துவிடும். திறக்காவிட்டால் மாமாவுக்கு எழுதின அழைப்பு மாமாவுக்கு இல்லை. அவர் கை சட்டைப்பைக்குப் போனது. விளக்கைப் பார்த்தார். கார்டைப் பார்த்தார். கை அங்கேயே நின்றுவிட்டது.

"பொம்பளைங்க ரெண்டு பேரு தனியா வராங்களேன்னு தொணைக்கு வந்தேன்" என்றார்.

"உனக்குக் கார்டு வந்துச்சா?"

"வந்துச்சு, வந்துச்சு. பையில இருக்கு."

"எனக்கு மொத அழைப்பு. தெரியுமில்ல?"

மாமா விழுங்கின எச்சில் சத்தம் எனக்கே கேட்டது. "கேள்விப்பட்டேன் லா" என்றார்.

பெரியவருக்கு ஒரே குஷி. இரண்டு பேரையும் பிடித்து உட்கார வைத்து மறுபடியும் இடியப்பம் வைத்தார். மாமா சாப்பிட்டார் அம்மாடி! அந்த வீட்டில்! நாத்தனார் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டு, சத்தியமாக முடியாது என்று அழுதேவிட்டாள்.

அங்கிருந்து மாமா நேரே எங்கள் லயத்துக்கு வந்தார். அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தவள், முட்டி வலியை மறந்து எழுந்து நின்றுவிட்டாள். "கார்டு கெடச்சுதாண்ணே?" என்று மட்டும் கேட்டாள். மாமா சட்டைப்பையைத் தட்டிக் காட்டி, "கெடச்சுது. நல்லா எழுதியிருக்க" என்றார். இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்தார்கள்.

கல்யாணத்தன்று என்ன ஆயிற்று என்று கேள். மாமா சீர்வரிசைத் தட்டோடு முன்னால் வருகிறார். அவருக்குப் பின்னாலேயே கோசுத் தோட்டத்துப் பெரியவரும் ஒரு சீர்வரிசையோடு வருகிறார்! அண்ணன் என்று எழுதிவிட்டாளே, வெறுங்கையோடு வருவாரா? வேட்டி, பழம், தேங்காய், நடுவில் கோபுரம் மாதிரி ஒரு கோசு. அம்மா என் காதைப் பிடித்து இழுத்தாள்.

"இவரு எந்த வழியில எனக்கு அண்ணன்?"

"வலதுபக்க வழியிலம்மா" என்று நாத்தனார் முந்திக்கொண்டாள்.

அப்புறம்தான் அம்மாவிடம் முழுக் கதையையும் சொன்னோம். முதலில் அடிக்கக் கை ஓங்கினாள், பிறகு சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பட்டம் கட்டும்போது மாமா ஒரு பக்கம் முடிச்சைப் பிடித்தார். "நீயும் பிடி" என்று பெரியவரை இன்னொரு பக்கம் பிடிக்கச் சொன்னார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் என் தம்பியின் கண் மேலே ஏறிவிட்டது. லோரி டிரைவரும் மருத்துவச்சியும் கார்டு மாறினதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மாமா வாய்ச்சண்டை போட்டு ஜெயித்ததை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் இன்றைக்கும் அவரை நினைத்தால் எனக்கு முன்னால் வந்து நிற்பது, முழங்கால் வரைக்கும் சேறோடு, தன்னுடைய முதல் அழைப்பை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு எச்சிலை விழுங்கின அந்த முகம்தான்.

அடியே, கீழே மீன் லோரி ஹாரன் அடிக்கிறது பார்! இப்போது விட்டால் அந்த ஆள் பிரிஞ்சாங் டவுனுக்குப் போய்விடுவான், ராத்திரிக்குக் குழம்பு கிடையாது. கொஞ்சம் நகர், அந்தச் சட்டியை இப்படி எடு...